மீற்றர் அரைத் தாங்கி என்கிறது, நம்பலாமா?

பொத்துவிலில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன், அறுகம்பைக்கு வருகிற ஆட்களைக் களப்புக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஒரு படகு பார்த்து வைத்திருக்கிறான். என்னிடம் இருக்கும் அதே பதினெட்டடி பைபர் போட், தரைக்குக் கீழே அதே தாங்கி, அதே நாற்பது குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். "அண்ணா, எண்ணெய் மீற்றர் ஒழுங்காக் காட்டுதா?" என்று மட்டும் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம்தான் படகின் தரையை அறுத்து அந்த மீற்றர் சாமான்களை மாற்றினேன், செலவின் கடுப்பு இன்னும் ஆறவில்லை, ஆகவே நீளமாகத்தான் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும். இத்தனை காலத்தில் படகின் உடம்பில் ஒரு வெடிப்பு இல்லை. மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தடியில் இருந்து மண்முனைப் பாலம் தாண்டி, பட்டிருப்பு வரை ஆட்களோடு போய் வந்தாலும் ஆட்டம் கிடையாது. தண்ணீர் குறைந்த இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பால் ஊன்றிப் போகலாம். எஞ்சின் சாவியைத் திருப்பியவுடன் பிடிக்கும். ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போய்வர இதைவிட நல்ல படகு இந்த விலையில் எனக்குக் கிடைத்திருக்காது. சரி, பாராட்டு முடிந்தது.

மீற்றருக்கு வாங்கிய புதிதிலேயே ஒரு குணம் இருந்தது. பெற்றோல் நிரப்பிக்கொண்டு வந்தால் முள் 'எஃப்' இல் போய்க் குந்திவிடும், எவ்வளவு ஓடினாலும் அசையாது. எண்ணெயே குடிக்காத படகு வாங்கிவிட்டோம் என்று சந்தோஷமாக இருக்கும். அப்புறம் மெதுவாக முக்கால், மெதுவாக அரை. அரைக்குக் கீழே வந்ததும் பார்த்துக்கொண்டிருக்கவே விழும். அதைக்கூடப் பழகிக்கொண்டேன். மீற்றர் என்ற சாமானைப் பற்றி யோசிக்க வைத்தது 2022 தான்.

அந்த வருடம் நடுப்பகுதி, பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வருவதற்குக் கொஞ்சம் முந்தி, பெற்றோல் வரிசையில் ஆட்கள் இரவில் படுத்துக் கிடந்த காலம். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு நிம்மதி, படகில் அரைத் தாங்கி இருக்கிறதே, மோட்டார் சைக்கிளுக்குப் பல நாள் காணும். தாங்கி 90 லீற்றர், அரை என்றால் 45. குழாய் விட்டு உறிஞ்சினால் ஒரு ஐந்து லீற்றர் கான் நிரம்பவில்லை. முள் அப்போதும் அரையில்தான் நின்றது. மாமா என்னைப் பார்த்த பார்வையில், நான் இரவோடிரவாக வெளியில் விற்றுவிட்டேன் என்று நினைத்தது தெரிந்தது. இன்றுவரை முழுதாக நம்பியிருப்பாரா, சந்தேகம்தான்.

அதன் பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தாங்கிக்குள் ஒரு கையின் நுனியில் மிதவை ஒன்று தொங்குகிறது. எண்ணெய் ஏறினால் மிதவை ஏறும், கை திரும்பும், கையின் மறுமுனை ஒரு மின்தடைக் கம்பிச் சுருளில் உரசிக்கொண்டு நகரும், அந்தத் தடைக்கு ஏற்ப முள் அசையும். அவ்வளவுதான். லீற்றரை அது அளப்பதே இல்லை. தாங்கியின் ஒரே ஒரு இடத்தில், அந்த நேரம் எண்ணெய் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் சொல்கிறது. படகின் அடி நடுவில் கூராக இறங்குகிறது அல்லவா, தாங்கியும் அந்த வடிவத்துக்கு அடியில் ஒடுங்கித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே உயரத்தில் பாதி வந்தால் அளவில் பாதி இல்லை, அதைவிடக் குறைவு. அரைக்குக் கீழே முள் விழுந்தடித்து ஓடியதற்குக் காரணம் இதுதான், அதில் மீற்றரின் குற்றம் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மேலே குந்திக்கொள்வதும் அப்படித்தான், மிதவையின் கை போகக்கூடிய உச்சத்துக்கு மேலேயும் தாங்கிக்குள் எண்ணெய் நிற்கிறது, அது இறங்கும்வரை முள்ளுக்கு ஒன்றும் தெரியாது. அடியிலும் கொஞ்சம் எண்ணெய் இருக்கும், ஆனால் உறிஞ்சும் குழாய் அதுவரை எட்டாது, இருந்தும் இல்லாத கணக்கு.

இதோடு படகு சாயும். வேகம் எடுத்து முன்பக்கம் தூக்கினால் எண்ணெய் எல்லாம் பின்னுக்குப் போகும். என் படகில் மிதவை பின்பக்கமாக இருப்பதால் ஓடும்போது கூடக் காட்டும், நிறுத்தினால் குறைத்துக் காட்டும். பிள்ளைகள் மீன் பார்க்கிறோம் என்று முன்னால் போய்க் குனிந்தால் இன்னும் குறையும். காரிலும் எண்ணெய் தளும்புகிறது, ஆனால் இப்போது வரும் கார்கள் அந்தத் தளும்பலைச் சராசரி பார்த்து, மெதுவாக்கித்தான் முள்ளுக்குக் கொடுக்கின்றன. படகில் வருகிற மலிவு மீற்றர்களில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. அலை கொஞ்சம் கூடினால் முள் கால்வாசிக்கும் முக்காலுக்கும் நடுவில் ஆடும், அதில் எதை வாசிப்பது?

சரி, இவ்வளவையும் மன்னிக்கலாம். 2022 இல் நடந்ததை மன்னிக்க முடியாது. எண்ணெய் இல்லாதபோது இருக்கிறது என்று காட்டியது வேறு கதை, அதற்குக் காரணம் துரு.

இந்த மிதவைச் சாமானில் உலகத்தில் பெரிதாக இரண்டு வழக்கம் இருக்கிறது. அமெரிக்க வகையில் வெறும் தாங்கிக்குத் தடை 240 ஓம், அரைக்கு நூற்றுச் சொச்சம், நிரம்பினால் 33 ஓம். ஐரோப்பிய வகையில் தலைகீழ், வெறுமைக்கு 10 ஓம் அளவு, நிரம்பினால் 180 அளவு. இனி உப்புக் காற்றில் ஒரு வயர் முனை பச்சை பிடித்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில் கூடுதல் தடை சேரும். அமெரிக்க வகையில் தடை கூடினால் முள் குறைத்துக் காட்டும், எரிச்சல்தான், ஆனால் ஆள் நேரத்தோடு கரைக்கு வந்துவிடுவார். ஐரோப்பிய வகையில் தடை கூடினால் முள் கூட்டிக் காட்டும். வயர் முழுதாக அறுந்தால் தாங்கி வெறுமையாகக் கிடக்க, முள் நிரம்பிவிட்டது என்று மேலே போய் நிற்கும். என் படகில் வந்தது இந்த இரண்டாவது வகை. தாங்கி பிளாஸ்ரிக் என்பதால் மிதவைக்குத் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும், இழுத்திருந்தார்கள், ஆனால் முனையை மூடி ஒட்டாமல் சும்மா முறுக்கி விட்டிருந்தார்கள். இதை ஒரு படகு கட்டுகிற இடத்தில் செய்கிறார்கள் என்றால் என்ன சொல்ல? உப்புத் தண்ணீரைக் காணாத ஆட்களா?

வாவிக்குள் எண்ணெய் முடிந்தால் வெட்கம் மட்டும்தான், யாராவது தோணிக்காரர் இழுத்து விடுவார், நாலு பேர் சிரிப்பார்கள். முகத்துவாரம் தாண்டினால் அப்படி இல்லை. வைகாசியில் இருந்து ஆடி ஆவணி வரை நம் பக்கம் கரையோரக் கடல் அமைதியாகக் கிடக்கிறது, அதனால்தான் பாசிக்குடாவிலும் இங்கேயும் அந்த மாதங்களில்தான் எல்லோரும் உல்லாசமாகக் கடலுக்குப் போகிறார்கள், 1942 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைப் பார்க்கச் சுழியோடிகளும் அந்தக் காலத்தில்தான் வருகிறார்கள். ஆனால் அதே மாதங்களில் கச்சான் வீசுகிறது. கச்சான் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் நின்ற படகை அது கரைக்குக் கொண்டுவராது, வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். கடல் அமைதி என்று பார்த்துப் போகிற ஆட்களுக்கு, கூட்டிக் காட்டுகிற மீற்றரை விட மோசமான சாமான் இல்லை. இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது, செலவை நினைத்து அல்ல. செலவை நினைத்தும்தான்.

செலவுக்கு வருகிறேன். மிதவைச் சாமான் பெரிய விலை இல்லை. அதை எட்டிப் பிடிப்பதுதான் விலை. தாங்கிக்கு மேலே தரையில் ஒரு மூடி வைத்திருந்தால் நாலு திருகைக் கழற்றிக் கை விட்டிருக்கலாம். வைக்கவில்லை. முழுத் தரையையும் ஒரே தகடாக ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். வேலைக்கு வந்த காக்கா காத்தான்குடிக்காரர், நிதானமான ஆள், தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத அறுக்கத்தான் வேணும், கிரைண்டர் போட ஏலாது" என்றார். கீழே பெற்றோல் தாங்கி, பொறி பறந்தால் கதை முடிந்தது. தாங்கியை வெறுமையாக்கி, குழாய்களை அடைத்து, அடிப்பகுதிக்குக் காற்று விட்டு ஆவி போகும்வரை காத்திருந்து, கைவாளால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தோம். பைபர் தூள் பட்டு இரண்டு பேருக்கும் உடம்பெல்லாம் அரிப்பு.

இதில் இன்னொரு கூத்து. காக்கா வாங்கி வந்த மிதவை அமெரிக்க வகை, முன்னால் இருந்த மீற்றர் ஐரோப்பிய வகை. பூட்டிவிட்டு எண்ணெய் ஊற்ற ஊற்ற முள் இறங்கியது. நிரம்பியபோது கிட்டத்தட்ட வெறுமையைக் காட்டியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடையில் கேட்டால், "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்றார்களாம். பொருந்தும்தான், துளையும் திருகும் பொருந்தும். பிறகு மீற்றரையும் அதே வகையில் வாங்கிப் போட்டோம். யாராவது இந்த வேலை செய்யப் போனால், பழைய மிதவையைக் கழற்றி மல்டிமீற்றரில் மேலும் கீழும் தடையை அளந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மீற்றரா மிதவையா பழுது என்று தெரியாவிட்டால், மீற்றரின் பின்னால் 'எஸ்' என்று இருக்கும் முனையின் வயரைக் கழற்றுங்கள், அமெரிக்க வகை என்றால் முள் வெறுமைக்கு விழ வேண்டும், அந்த முனையை எர்த்தில் தொட்டால் நிரம்பியதற்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீற்றர் சுகம், குற்றம் வயரிலோ மிதவையிலோ.

புதுச் சாமான் உரசுகிற கை உள்ளது அல்ல. செங்குத்தான உருக்குக் குழாய், அதைச் சுற்றிக் காந்தம் வைத்த மிதவை, குழாய்க்குள் அடைபட்ட சின்னச் சின்ன சுவிட்சுகள். எண்ணெயோடு உரசித் தேய்கிற மின்பாகம் எதுவும் இல்லை. முள் கொஞ்சம் படிப்படியாக நகரும், எனக்கு அதில் குறை இல்லை. அலையில் ஆடுவதும் குறைந்துவிட்டது. வயர் முனை பச்சை பிடித்தாலும் கூட்டிக் காட்டாது என்ற ஒரு நிம்மதி இருக்கிறதே, அதற்குக் கொடுத்த காசு தகும். மிதவையில் இருந்து மீற்றருக்குப் போகும் வயர் எர்த்தில் உரசினால் இதுவும் நிரம்பிவிட்டது என்றுதான் சொல்லும், அது தெரியும், அதனால் வயரை இந்த முறை குழாய்க்குள் விட்டு நானே பக்கத்தில் நின்று ஒட்டுவித்தேன். நிறுத்தி, படகை மட்டமாக வைத்துப் பார்த்தால் ஊற்றிய கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப் போகிறது.

இருந்தாலும் நான் அதை வைத்துக் கடலுக்குப் போவதில்லை. எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தைக் குறித்து வைக்கிறேன். வாவிக்குள் மெதுவாகப் போனால் மணிக்கு ஐந்தாறு லீற்றர், முழு வேகத்தில் பதினைந்துக்குக் கிட்ட, அதைப் பெருக்கிப் பார்த்தால் மீற்றரை விட உண்மை வருகிறது. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் தொடக்கூடாத பங்கு என்று படகுக்காரர்கள் சொல்லும் பழைய கணக்கு இருக்கிறது, அதுவும் கைகொடுக்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயில் ஓட்டமானி பூட்டினால் குடித்த லீற்றரையே எண்ணிக் காட்டும், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு உண்மையில் வேண்டியது நம் மோட்டார் சைக்கிளில் இருக்கிற ரிசேர்வ் திருப்பிதான். ஒரு மீற்றரும் வேண்டாம், எஞ்சின் இருமும், குனிந்து திருப்புவோம், இனி வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரியும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிற படகில் அது இல்லை.

அதற்குப் பதிலாக நான் செய்திருப்பது, பழைய 25 லீற்றர் வெள்ளைப் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றை நிரப்பிப் பின்னால் கட்டி வைத்திருக்கிறேன், குழாயை மாற்றினால் எஞ்சின் அதில் ஓடும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியிலேயே தெரிகிறது. இத்தனை வருடத்தில் படகில் எனக்குப் பொய் சொல்லாத ஒரே எண்ணெய் மீற்றர் அதுதான், வயரும் இல்லை, பற்றரியும் வேண்டாம்.

ஆகவே தம்பிக்குப் பதில். படகு அருமை, எஞ்சின் அருமை, மாற்றிய பிறகு மீற்றரும் நல்லது. ஆனால் வாங்காதே. இப்போது வருகிற படகையும் போய்ப் பார்த்தேன், தரை அதே ஒரே தகடு, மூடி இல்லை. மிதவைக்கு மேலே தரையில் ஒரு மூடி வெட்டி, எர்த் முனையை ஒழுங்காக ஒட்டித் தந்தால்தான் முற்பணம் கொடுப்பேன் என்று சொல்லு. முடியாது என்றால், தரைக்குக் கீழே தாங்கி இல்லாத வெறும் பைபர் போட் ஒன்றை எடுத்து, இரண்டு வெள்ளைத் தாங்கி வைத்துக்கொள். பொத்துவில் களப்புக்கு அது காணும், மிச்சக் காசுக்கு நல்ல கூரையும் உயிர்காப்பு அங்கிகளும் வாங்கலாம். அடுத்ததாக, "அப்ப உங்கடயத் தருவீங்களா அண்ணா?" என்று கேட்பாய், தெரியும். தரமாட்டேன், தரை அறுத்த காசே இன்னும் கைக்கு வரவில்லை.