தோல் சீவும் இயந்திரத்துக்கு எந்தப் பாதம்? எஃகு, டெஃப்லான், ரோலர்: ஓர் ஒப்பீட்டு அலசல்

தோலின் ஓரத்தை மடித்துத் தைப்பதற்காகச் சீவி மெலிதாக்கும் இயந்திரத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கத்தியைத்தான் சந்தேகிக்கிறோம். பெரும்பாலும் அது நியாயமான சந்தேகமே. ஆனால் கத்தி கூராக இருக்கும்போதே தோல் பாதத்தின் முன்னால் சுருங்கி நிற்கிறது, சீவிய பரப்பு அலையலையாக வருகிறது, மேற்புறத்தில் தேய்ந்த பளபளப்புக் கோடு விழுகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் அந்தப் பாதத்தை, அதாவது பிரஷர் ஃபுட்டை. எஃகு, டெஃப்லான், ரோலர் என மூன்று வகைப் பாதங்கள் பரவலாகப் புழங்குகின்றன. ரோலர் பாதத்தை எஃகுப் பாதத்தின் மேம்பட்ட வடிவமாகவும், டெஃப்லானை இரண்டுக்கும் இடைப்பட்டதாகவும் எண்ணும் வழக்கம் உண்டு. அந்த வரிசை எனக்கு ஏற்புடையதாக இல்லை. கையால் திருத்தி மெருகேற்றிய எஃகுப் பாதம் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். மற்ற இரண்டும் குறிப்பிட்ட சில தோல்களுக்கான தனிக் கருவிகள்.

காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பெல் கத்தி என்பது வாய்விளிம்பு கூராக்கப்பட்ட, சுழலும் எஃகு உருளை. அதன் வாயை ஒட்டிக் கீழே சுழலும் ஃபீட் ரோலர் தோலின் சதைப்புறத்தைப் பற்றிக் கத்திக்குள் தள்ளுகிறது. மேலே அசையாமல் நிற்கும் பாதம் தோலின் மேற்புறத்தை அழுத்திப் பிடிக்கிறது. சீவி எடுக்கப்பட்ட கழிவு கத்திக்குள் விழ, பாதத்துக்கும் கத்தி விளிம்புக்கும் இடையே தப்பிய பகுதிதான் நம் கையில் மிஞ்சுகிறது. ஆகவே மிஞ்சும் தடிமனைத் தீர்மானிப்பது பாதத்தின் உயரமும் சாய்வும். அழுத்திப் பிடிக்கவும் வேண்டும், வழுக்கிப் போக விடவும் வேண்டும் என்று ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு வேலைகள் இந்தச் சிறு துண்டின்மீது சுமத்தப்பட்டிருக்கின்றன. மூன்று வகைகளும் இந்த முரண்பாட்டை எப்படிச் சமாளிக்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

பாதத்தின் அடிப்பகுதி தட்டையானது அல்ல என்பதை ஒப்பீட்டில் இறங்குமுன் சொல்லிவிட வேண்டும். கத்தியின் விளிம்பு ஒரு வட்டம். பாதம் அந்த வட்டத்தின் உச்சிப் பகுதியின் மேல் அமர்கிறது. கத்தியின் விட்டம் 120 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. அகலத்துக்குள் அந்த விளிம்பு நடுவிலிருந்து இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 0.2 மி.மீ. தாழ்கிறது, 20 மி.மீ. அகலத்தில் 0.8 மி.மீ., 50 மி.மீ. அகலத்தில் 5 மி.மீ.க்கும் சற்றுக் கூடுதல். அகலமான பாதங்களின் அடி உட்குழிவாக வளைந்திருப்பது இதனால்தான். இந்த வளைவைக் கவனிக்காமல் தட்டையான சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்தால் பாதம் பார்வைக்கு அழகாகப் பளபளக்கும். சீவிய தோலோ நடுவில் மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் வரும்.

எஃகுப் பாதத்தின் பெரிய பலம் அதன் விறைப்பு. ஒருமுறை வைத்த அளவு நாள் முழுவதும் மாறுவதில்லை. பின்விளிம்பை மெல்லியதாகவும் துல்லியமாகவும் வைத்துக்கொள்ள முடிவதால், தோலைக் கத்தி தொடும் இடம்வரை அது விடாமல் அமுக்கிப் பிடிக்கிறது. 1 மி.மீ.க்கும் குறைவான லைனிங் தோலையும் மென்மையான ஆட்டுத்தோலையும் சீவும்போது இந்தக் கடைசிச் சில மில்லிமீட்டர்தான் எல்லாம். அங்கே பிடி தளர்ந்தால் தோல் மேலெழும்பிக் கத்தி அதைக் கடித்துவிடும். பலவீனம் உராய்வு. தாவரப் பதனீட்டில் வந்த, உலர்ந்த, விறைப்பான தோல் எஃகின் கீழ் சிக்கலின்றி ஓடும். கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பூச்சுள்ள பேட்டன்ட் தோல், எண்ணெய் ஊறிய தோல், குரோம் உப்பால் பதனிட்டுப் பிசுபிசுப்பான மேற்பூச்சுக் கொடுத்த தோல் ஆகியவை அப்படி ஓடுவதில்லை. ஃபீட் ரோலர் அடியில் தள்ள, பாதம் மேலே பிடித்து நிறுத்த, இடையில் தோல் இழுபட்டு நீள்கிறது.

இந்த உராய்வில் பெரும்பங்கு எஃகின் குற்றம் அன்று. அதன் மேல் விடப்பட்டிருக்கும் கரடுமுரடின் குற்றம். புதிதாக வாங்கும் மலிவான பாதங்களின் அடியை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அரைத்த கோடுகள் குறுக்காக ஓடுவதைக் காணலாம். திருத்தும் முறை எளியது. பொறுமை மட்டும் வேண்டும். கத்தியின் வெளிவிட்டத்தை ஒத்த ஒரு குழாயின்மீதோ அதே வளைவுக்குக் கடைந்த மரத்துண்டின்மீதோ எமரி தாளைச் சுற்றி, 400, 800, 1200, 2000 என்று படிப்படியாக நைசான தாளுக்குப் போக வேண்டும். தேய்க்கும் திசை தோல் ஓடும் திசையாகவே இருக்கட்டும். குறுக்காகத் தேய்த்தால் எஞ்சும் நுண்கீறல் ஒவ்வொன்றும் தோலைப் பிடிக்கும் பல்லாக வேலை செய்யும். கடைசியில் பாலிஷ் பசையும் துணியும். தோல் நுழையும் முன்விளிம்பைத் தாராளமாக உருட்டிவிடலாம். பல இடங்களில் இந்த ஒரு திருத்தமே சுருக்கத்தை நிறுத்திவிடுகிறது. கத்தியை ஒட்டி நிற்கும் பின்விளிம்பை மட்டும் உருட்டவே கூடாது. அங்கே மூலை மழுங்கினால் எஃகின் ஒரே சிறப்பும் போய்விடும். மின்சாணையில் அரைப்பவர்கள் அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். எஃகு நீலம் பாயும் அளவுக்குச் சூடானால் அதன் கடினம் இறங்கிவிடும். ஒரே அளவில் இரண்டு பாதங்கள் வாங்கி, ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு மற்றதில் கைவைப்பது விவேகம்.

டெஃப்லான் பாதம் உராய்வுப் பிரச்சினையை நேரடியாகத் தீர்க்கிறது. பேட்டன்ட் தோல் தடையின்றி ஓடுகிறது. மேற்புறத்தில் தேய்ந்த கோடு விழுவதில்லை. தவறுதலாகக் கத்தியைத் தொட்டாலும் பாதம்தான் வெட்டுப்படும், கத்தி தப்பிக்கும். அளவு வைக்கக் கற்றுக்கொள்பவருக்கு இது சிறிய சலுகை அன்று, ஏனெனில் எஃகுப் பாதம் உரசினால் கத்தி முழுவதையும் மீண்டும் தீட்ட வேண்டியிருக்கும். ஆனால் அதே மென்மைதான் அதன் குறையும். தோலின் ஓரம் எப்போதும் ஒரே வழிகாட்டியை ஒட்டி ஓடுவதால், பாதத்தின் அடியில் அதே இடத்தில் பள்ளம் விழுகிறது. பள்ளம் ஆழமாக ஆக, சீவலின் ஓரத்தில் மெல்லிய தடிப்புக் கோடு ஒன்று மிஞ்சுகிறது. திருகால் இறுக்கிய இடத்தில் டெஃப்லான் மெதுவாக நசுங்கிக் கொடுக்கும் இயல்புடையது என்பதால் இறுக்கமும் நாளடைவில் தளரும். நான் இதை நாள் முழுவதும் மாட்டி வைக்கும் பாதமாகப் பரிந்துரைக்க மாட்டேன். திருத்துவதற்கு நைசான அரமும் உப்புத்தாளும் போதும். தீச்சுடரோ சூடான கருவியோ அருகில் வரக்கூடாது, மிகைச்சூட்டில் டெஃப்லான் நச்சுப்புகை விடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சிக்கனமான வழி இருக்கிறது: எஃகுப் பாதத்தின் அடியில் பசையுள்ள டெஃப்லான் டேப் ஒட்டுவது. விறைப்பு எஃகினுடையது, வழுக்கல் டெஃப்லானுடையது. டேப்பை முன்விளிம்பைச் சுற்றி மேலேற்றி, தோல் படாத இடத்தில் முடிக்க வேண்டும். இல்லையென்றால் நுழையும் தோலே அதை உரித்துவிடும். பின்விளிம்பை அது தாண்டக்கூடாது. டேப்பின் தடிமன் அளவுக்கு இடைவெளி குறைந்துவிடும் என்பதால் பாதத்தை உயர்த்தி மறுபடி அளவு வைப்பது கட்டாயம். எப்போதாவது வரும் பேட்டன்ட் வேலைக்காகத் தனிப் பாதம் வாங்கத் தயங்குபவருக்கு இதுவே போதும். சிலர் இந்தத் தொல்லைக்குச் சிலிகோன் தெளிப்பதைக் கண்டிருக்கிறேன். சீவிய ஓரத்தில் பிறகு பசை ஒட்ட வேண்டும் என்பதை மறந்தவர்கள் செய்யும் வேலை அது.

ரோலர் பாதத்துக்கு வருவோம். இதில் பாதம் தோலோடு சேர்ந்து சுழல்வதால் உராய்வு என்ற பேச்சே ஏறக்குறைய இல்லை. தடித்த, கொழகொழப்பான, இழுத்தால் நீளும் தோல்களுக்கும், மேற்புறம் அழுந்தி நிறம் மாறக்கூடாத ஸ்வேட் (மேற்புறம் மென்மயிர்போல் இருக்கும் தோல்) போன்றவற்றுக்கும் இதற்கு ஈடில்லை. இதன் தொல்லை வடிவியலில் இருக்கிறது. ரோலர் தோலைத் தொடுவது ஒரே ஒரு கோட்டில். அந்தக் கோடு கத்தி விளிம்புக்கு நேர் மேலே அமைய வேண்டும். 10 மி.மீ. விட்டமுள்ள ரோலர் 1 மி.மீ. முன்னோ பின்னோ விலகினால் இடைவெளி 0.1 மி.மீ. கூடுகிறது, 2 மி.மீ. விலகினால் 0.4 மி.மீ. மெல்லிய தோலில் இது வேலையையே கெடுத்துவிடும். மேலும் ரோலரின் மையம் 0.05 மி.மீ. பிசகியிருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது ஏறத்தாழ 31 மி.மீ. நீளத்துக்கு ஒருமுறை, தடிமன் 0.1 மி.மீ. ஏறி இறங்கும். சீவிய பட்டையில் சீரான இடைவெளியில் அலை தெரிந்தால், அந்த இடைவெளியை அளந்து ரோலரின் சுற்றளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். நேரான உருளை கத்தியின் வளைவோடு பொருந்தாது என்பதால் ரோலர் குறுகலாக இருப்பதே நல்லது. அச்சில் தூசியும் பசைத்துகளும் சேர்ந்து சுழற்சி நின்றுபோனால், அது எஃகுப் பாதத்தைவிட மோசமான பாதம். அதைத் துடைத்து வைக்க வேண்டும். அதிகமாக விட்ட எண்ணெய் தோலில் கறையாக இறங்கும்.

திருத்துவதற்கும் ரோலரில் அதிக இடமில்லை. அச்சின் ஆட்டத்தைக் குறைக்கலாம், தாங்கியின் துளையை நீள்வடிவாக்கி முன்பின் நகர்த்த வழி செய்யலாம், அவ்வளவுதான். எஃகுப் பாதத்தையோ வேண்டியபடி செதுக்கிக்கொள்ளலாம். அகலத்தைக் குறைத்தால் உட்புறமாக வளைந்த ஓரங்களில் நுழையும். அடியின் நடுவில் சிறு புடைப்பு விட்டுச் செதுக்கினால் அங்கே இடைவெளி குறைந்து, மடிப்புக்கோட்டுக்கான வாய்க்கால் தோலில் விழும்.

அகலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சாய்வையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2 மி.மீ. தோலை ஓரத்தில் 0.5 மி.மீ.க்கு இறக்க, 10 மி.மீ. அகலத்தில் 8.5 பாகைச் சரிவு தேவைப்படுகிறது; 20 மி.மீ. அகலத்தில் 4.3 பாகை போதும். சரிவு குறையும்போது தோல் பாதத்தின் உள்மூலையில் சிக்குவதும் குறைகிறது என்பதால், இடமிருக்கும்போது அகலமான பாதமே என் தேர்வு.

எந்தப் பாதத்தை மாட்டினாலும், திருத்தினாலும், மின்சாரத்தைத் துண்டித்து, கத்தி முற்றிலும் நின்ற பிறகு, அதைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்த பின்பே இயந்திரத்தை ஓட்ட வேண்டும். பிறகு வேலைக்கு எடுத்த தோலிலிருந்தே வெட்டிய நீளமான பட்டையைச் சீவி, தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில், தடிமன் அளவியால் அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஒத்திருந்து, சீவிய பட்டையின் நீளமும் சீவுவதற்கு முன்பிருந்த நீளமும் ஒன்றாக இருந்தால் பாதம் சரியாக இருக்கிறது. பட்டை நீண்டிருந்தால் உராய்வு இன்னும் மிச்சமிருக்கிறது, அடுத்த நைஸ் தாளை எடுக்கலாம்.