போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும் காரை எடுக்க: தேர்டு பார்ட்டி போதுமா, ஃபுல் கவரா?

செட்டிநாட்டில் இன்சூரன்ஸ் இல்லாமல் மாட்டுகிற கார்களில் அடிக்கடி பார்க்கிற ரகம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கார் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ உறை போட்டு நிற்கும். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா என்றால்தான் வெளியே வரும். ரினியூவல் எஸ்எம்எஸ் எப்போதோ விட்டுவிட்ட நம்பருக்குப் போயிருக்கும். திருமயம் ரோட்டில் ஆக்டிங் டிரைவரை நிறுத்தி வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தால், பாலிசி முடிந்த தேதி திரையில் வந்துவிடும்.

அபராதத்தில் ஒளிவுமறைவு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவின்படி முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் பிரிவில் இடம் உண்டு. ஆனால் 200-வது பிரிவின் கீழ் பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளலாம். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டவிட்ட உரிமையாளரும் இந்தப் பிரிவுக்குள் வருவார்.

பலர் கவனிக்காத இடம் அடுத்தது. வண்டியைப் பிடித்து வைக்க அதிகாரம் தருவது 207-வது பிரிவு. அதில் சொல்லியிருப்பவை லைசென்ஸ் இல்லாதது, பதிவு இல்லாதது, பெர்மிட் இல்லாதது அல்லது பெர்மிட் நிபந்தனையை மீறியது. இன்சூரன்ஸ் பட்டியலிலேயே இல்லை. நடைமுறையில் "பாலிசியைக் கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள். அங்கே நின்று சட்டம் பேசி வென்றாலும், இன்சூரன்ஸ் இல்லாத காரை ஓட்டிக்கொண்டு வெளியே வரமுடியாது. ஆகவே முதல் வேலை, கையில் கொடுத்த சீட்டில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. வெறும் 196 என்றால் அபராதமும் புதுப் பாலிசியும் போதும். 207-ம் சேர்ந்திருந்தால் ஆர்டிஓ அல்லது அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியிடம் ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். பிடித்த இடம்தான் கணக்கு: டிஎன் 63 வண்டியானாலும் திருமயம், அரிமளம் பக்கம் மாட்டினால் அலைச்சல் புதுக்கோட்டை மாவட்டத்தில்.

இனி எந்தப் பாலிசி என்ற கேள்வி. தேர்டு பார்ட்டி என்பது நம் காரால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு; ஓன் டேமேஜ் நம் காரின் சேதத்துக்கு; இரண்டும் சேர்ந்தது ஃபுல் கவர். ஏஜென்டிடம் போனால் "அண்ணே, எப்படியும் போடணும், ஃபுல் கவராவே போட்டுடலாம்" என்பார். கேட்க நியாயமாக இருக்கும். கார் வீட்டு வாசலில் நின்றால் அதுவே சரி. ஸ்டேஷனில் நிற்கிற காருக்கு என் ஓட்டு தேர்டு பார்ட்டி மட்டும் என்பதற்கே. காரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஓன் டேமேஜைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். தனி ஓன் டேமேஜ் பாலிசி 2019 செப்டம்பர் 1 முதல் புதுக் கார், பழைய கார் இரண்டுக்கும் உண்டு.

விலையை வைத்து இதைச் சொல்லவில்லை. 2022 ஜூன் 1-ல் நடப்புக்கு வந்த விகிதப்படி தேர்டு பார்ட்டி பிரீமியம் 1,000 சிசி வரை 2,094, 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,200 சிசி காருக்கு சுமார் 4,031. உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்புக்குத் தனியாகக் கொஞ்சம். ஃபுல் கவர் போட்டாலும் இந்தத் தொகை அதற்குள் இருக்கத்தான் போகிறது.

விஷயம் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறது. பாலிசி முடிந்து இடைவெளி விழுந்த காருக்கு ஓன் டேமேஜ் சேர்த்துக் கொடுக்குமுன் கம்பெனி வண்டியைப் பார்த்தாக வேண்டும். சர்வேயர் நேரில் வருவார், இல்லாவிட்டால் போனுக்கு ஒரு லிங்க் வரும். நான்கு பக்கமும் சுற்றி வீடியோ, சேஸிஸ் நம்பர், இக்னிஷன் போட்டு ஓடோமீட்டர், முன்கண்ணாடி உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் என்று வரிசையாகக் கேட்கும். லிங்க் சில மணி நேரத்தில் காலாவதியாகும். ஓகே ஆனபிறகு பணம் கட்டவும் குறைந்த அவகாசம்தான்.

ஸ்டேஷன் வளாகத்தில் இதைச் செய்து பாருங்கள். சாவி எழுத்தரிடம் இருக்கும். பிடிபட்ட மணல் டிராக்டருக்கும் பைக் குவியலுக்கும் நடுவில் கார் நிற்கும். சுற்றி நடக்க இடம் கிடையாது. வளாகத்துக்குள் வீடியோ எடுக்கத் தனியாக அனுமதி கேட்கவேண்டும். மாதக்கணக்கில் ஓடாத பேட்டரி அந்த வெயிலில் படுத்துவிட்டால் ஓடோமீட்டர் எரியாது. வீடியோ அங்கேயே நிராகரிக்கப்படும். எல்லாம் சரியாக வந்தாலும் ஒரு நஷ்டம் மிச்சம்: அங்கே பைக் சாய்ந்து விழுந்த கீறலும் நசுங்கலும் ஏற்கெனவே இருந்த சேதம் என்று பதிவாகும். பின்னால் அந்தப் பேனலுக்கு கிளெய்ம் கேட்டால் கழித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவி, காலை வெளிச்சத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பாடு.

தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் சாதாரணமாக இன்ஸ்பெக்‌ஷன் கேட்பதில்லை. ஆர்சி விவரம் போதும், பிடிஎஃப் உடனே வரும். சிங்கப்பூரில் இருக்கிறவரே அங்கிருந்து வாங்கி வாட்ஸப்பில் அனுப்பலாம்.

இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்டிக் குதிக்க ஒரு குறுக்குவழி சொல்லுவார்கள்: ஆன்லைன் படிவத்தில் "பழைய பாலிசி இன்னும் முடியவில்லை" என்று தட்டுவது. பாலிசி வந்துவிடும். கிளெய்ம் வரும் அன்று பழைய பாலிசி நகலைக் கேட்பார்கள், அதோடு கதை முடிந்தது. முன்தேதி போட்டுத் தருகிறேன் என்கிற ஆளிடமும் போகவேண்டாம். பிரீமியம் வந்து சேராமல் ரிஸ்க் தொடங்காது என்பது காப்பீட்டுச் சட்டம் 1938-ன் 64விபி பிரிவு. பாலிசியில் இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, கம்பெனி தளத்திலும் எண்ணைச் சரிபாருங்கள்.

ஃபுல் கவர் பக்கம் தராசு சாய்கிற நிலை ஒன்று உண்டு. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். 50 சதவீதம் சேர்த்து வைத்திருப்பவருக்கு 85 நாள் ஓடிவிட்டது என்றால் அந்த ஐந்து நாளுக்கு மதிப்பு இருக்கிறது. போனஸ் ஓன் டேமேஜ் பங்குக்குத்தான் என்பதால் தேர்டு பார்ட்டியில் எடுத்து வந்து, 90 நாளுக்குள் தனி ஓன் டேமேஜ் போட்டாலும் அதைக் கேட்டு வாங்கலாம்; ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நடைமுறை மாறும். வயதான காருக்குத் தனி ஓன் டேமேஜ் தரவே சிலர் தயங்குவார்கள். ஆகவே தேர்டு பார்ட்டி வாங்குமுன்னே அதே கம்பெனியிடம் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

கோர்ட்டுக்குப் போகிற வழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 497, 503 பிரிவுகளில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457) வண்டியைத் திருப்பிக் கேட்டு மனு போடலாம். வாகனங்களை ஸ்டேஷனில் நெடுநாள் கிடக்கவிடக் கூடாது என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல்கள் காட்டுவார்கள். வெறும் இன்சூரன்ஸ் குறைக்கு இது தேவைக்கு மீறின செலவு. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் வேறு வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும்.

விபத்து நடந்து கார் பிடிபட்டிருந்தால் மேலே சொன்ன ஒப்பீடே செல்லாது. விபத்துக்குப் பிறகு எந்தப் பாலிசி வாங்கினாலும் நடந்ததை மூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற மத்திய விதிகளின்படி, தேர்டு பார்ட்டி காப்பு இல்லாத கார் சாவு, காயம், சொத்துச் சேதம் எதில் சிக்கினாலும், நஷ்ட ஈட்டுக்கு ஈடாகப் போதுமான ஜாமீன் கொடுக்காமல் கோர்ட் விடாது. கார் பிடிபட்டு மூன்று மாதம் ஆனால் மாஜிஸ்திரேட் ஏலம் விடலாம். ஏலப் பணம் விபத்து நஷ்ட ஈட்டை முடிவுசெய்யும் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் போகும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து முடித்ததும் வண்டி வந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தால் அந்த மூன்று மாதம் ஓடிவிடும்.

இங்கே தேர்வு வேறு: ஜாமீனாகக் காட்டுவது வைப்புத்தொகையா, சொத்தா? செட்டிநாட்டில் வைப்புத்தொகை என்பதே என் பதில். ஊரில் அரண்மனை மாதிரி வீடு இருக்கும். பத்திரத்தில் பங்காளிகள் இருபது பேர் இருப்பார்கள். பாகம் பிரியாத வீட்டைக் காட்டித் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்குவதற்குள், மலேசியாவில் இருக்கிற சித்தப்பா மகன் கையெழுத்துவரை தேடவேண்டி வரும். தன் பெயரில் மட்டும் பத்திரமும் பட்டாவும் இருக்கிற மனை இருந்தால் அது சரி.

பழைய கார்களுக்கு இரண்டு சிக்கல் கூடுதல். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்காத கார், பதிவில்லாத கார் கணக்கில் 207-க்குள் வந்துவிடும். அதற்குப் பாலிசி வாங்கி மட்டும் பயனில்லை. அப்பா பெயரிலேயே ஆர்சி கிடந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசு படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பித்து, அதற்கான ரசீதையும் கையில் வைத்திருப்பது நல்லது. இறந்தவர் பெயரில் புதுப் பாலிசி வாங்கிக்கொண்டு வந்து நிற்பது வேலையைக் கெடுக்கும்.

எடுக்கிற அன்று பாலிசியில் காப்பு தொடங்கும் நேரத்தைப் படியுங்கள். பல பாலிசிகள் மறுநாள் நள்ளிரவு 00:00-க்குத்தான் தொடங்கும். அன்று மாலையே ஓட்டி வந்தால் 4,000 ரூபாய் சலானுக்கு நீங்களே வழி செய்கிறீர்கள். அவசரமென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். புது பாலிசி அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் ஏறச் சில நாள் ஆகலாம், அதனால் பிடிஎஃப், அபராத ரசீது, பியூசி (புகைச் சான்று) மூன்றின் நகலும் டேஷ்போர்டில் இருக்கட்டும். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுமுன் காரைச் சுற்றிப் படம் எடுத்து, ஸ்டெப்னி, ஜாக்கி, மியூசிக் சிஸ்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பானட்டைத் திறந்து எலி கடித்த வயர் இருக்கிறதா என்று பார்த்தபிறகு சாவியைத் திருப்புங்கள்.