பழைய துணிக் கிடங்கில் ஃபிளாட் எடுக்கலாமா?

மான்செஸ்டருக்கு மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர், பழைய பருத்தித் துணிக் கிடங்கை ஃபிளாட்டாக மாற்றிய கட்டடத்தில் குடியேறலாமா என்று கேட்டிருந்தார். நானும் அப்படி ஒன்றில்தான் இருக்கிறேன். மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னலின் கயிறு அறுந்து தச்சர் வந்துபோன வாரம் பார்த்துக் கேட்டதால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

செங்கல் சுவர், உயரமான கூரை, ஹால் நடுவில் வார்ப்பிரும்புத் தூண் எல்லாம் விளம்பரப் படத்திலேயே தெரியும். தூண் பழகிவிடும், சோபாவைத்தான் தள்ளிப் போட வேண்டும். பேச வேண்டியது ஜன்னலைப் பற்றி.

பஞ்சு மூட்டை அடுக்கிய கொட்டகை என்று நினைத்துவிடாதீர்கள். நெய்து முடித்த துணியை வியாபாரிகளுக்குக் காட்டி விற்ற இடம் இது. தெருப் பக்கம் இத்தாலிய மாளிகை மாதிரிப் பகட்டு அதற்காகத்தான். போர்ட்லண்ட் தெருவில் 1856-இல் கட்டி முடித்த வாட்ஸ் கிடங்கில் மாடிக்கு ஒரு பாணி. இப்போது அது ஹோட்டல். இந்தக் கிடங்குகளில் பாதி நிலத்துக்குள் புதைந்த கீழ்த்தளத்தில் நீரழுத்த எந்திரத்தால் துணியை நெருக்கிப் பொதி கட்டுவார்கள். வாங்க வந்தவர் இழையையும் சாயத்தையும் மேல் மாடியில், பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார். மனிதர் குடியிருக்க யாரும் இவ்வளவு பெரிய ஜன்னல் வைத்திருக்க மாட்டார்கள்.

என் வீடு பின்பக்கம், ஒரு சந்துப் பக்கம் பார்த்தது. வாடகை குறைவு, இருட்டாக இருக்கும் என்றார்கள். வந்து பார்த்தால் எதிர்ச்சுவர் முழுக்கப் பீங்கான் மாதிரிப் பளபளக்கும் வெள்ளைச் செங்கல். வெளிச்சத்தை உள்ளே திருப்பிவிடவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். மேகம் கவிந்த மதியத்திலும் விளக்குப் போடாமல் படிக்கலாம். இந்த ஊர் வானத்தின் கீழ் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அப்புறம் குளிர். அத்தனை பெரிய ஜன்னலுக்கும் ஒற்றைக் கண்ணாடி. நவம்பர் வந்தால் கண்ணாடியில் வேர்த்து வழியும் நீருக்காக ஜன்னலடியில் போட்ட துண்டைக் காலையில் எழுந்ததும் பிழிவதுதான் முதல் வேலை. கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் மாநகராட்சி அனுமதி இல்லாமல் ஜன்னலை மாற்றினால் வழக்கு வரை போகும். சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. அது இல்லாவிட்டால் யாராவது பிளாஸ்டிக் ஜன்னல் போட்டு முகத்தையே கெடுத்திருப்பார்கள். உட்பக்கமாக இன்னொரு கண்ணாடித் தடுப்பு போட வழியிருக்கிறது. அதைப் பற்றி எழுதிக் கேட்டால் கட்டட நிர்வாகத்திடமிருந்து பதிலே வராது. பராமரிப்புக் கட்டண உயர்வுக் கடிதம் மட்டும் தவறாமல் வரும்.

தச்சர் ஜன்னலின் பக்கவாட்டு மரச்சட்டத்தைத் திறந்தபோது உள்ளே துருவேறிய நீள இரும்புக் குண்டு கயிறு அறுந்து விழுந்து கிடந்தது. ஜன்னலின் பாரத்துக்கு ஈடாகத் தொங்கும் எடை அதுதான். புதுக் கயிறு கோத்ததும் என் உயரத்துக்கு இருக்கும் ஜன்னல் இரண்டு விரல் தள்ளலில் மேலே போனது. கூலியைக் கேட்டுக் கொதித்திருந்தவன், அவர் போனபிறகும் அதை ஏற்றி இறக்கிக்கொண்டே நின்றேன்.

சரி, எடுக்கலாமா? வேண்டாம். இது ஜனவரி மாதப் பதில், ஜூனில் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேன். எடுத்தே தீருவேன் என்றால் பின்பக்கமாக, மேல் மாடியாகப் பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் உட்பக்கக் கண்ணாடி உண்டா என்று கேளுங்கள். ஏஜென்ட் "பழமை மாறாமல்" என்று ஆரம்பித்தால் நல்ல கம்பளியாக ரெண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.