கல்லடைப்புக்கு பெர்பெரிஸ் சொட்டு மருந்து: வாங்கலாமா?

ஹோமியோ மருந்துக் கடையில் "மூத்திரப் பையில கல்லு, நீர் கடுக்குது" என்று சொன்னால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது பெர்பெரிஸ் வல்காரிஸ் என்ற முட்செடியின் மதர் டிங்சர். 30 மில்லி பாட்டில், பழுப்புத் திரவம், கடுங்கசப்பு. கால் டம்ளர் தண்ணீரில் 10 சொட்டு, தினம் மூன்று வேளை என்று சொல்லித் தருவார்கள். கூடவே சர்சபரில்லா 30 அல்லது காந்தாரிஸ் 30 சீனி உருண்டை. பல மூலிகைகளை ஒன்றாகக் கலந்து 'ஸ்டோன் டிராப்ஸ்' என்று விற்கும் பாட்டில்களிலும் பெர்பெரிஸ்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும்.

சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்க என்று இதை வாங்க வேண்டாம். கல்லை இது கரைப்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. எரிச்சலையும் வலியையும் தணிக்கிறது என்ற வாதத்துக்கும் அதே நிலைமைதான். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இருக்கும் ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2017-இல், இனி இதை எழுதித் தர வேண்டாம் என்று தன் மருத்துவர்களிடம் சொன்னது.

பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்ப்போம். மதர் டிங்சர் என்பது நீர்த்துப்போகாத சாறு. பெர்பெரிஸ் வேர்ப்பட்டையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது. பத்துக்கு ஒன்று என்ற வழக்கமான விகிதத்தில், தினம் 30 சொட்டு, அதாவது ஒன்றரை மில்லி குடித்தால் உள்ளே போவது 0.15 கிராம் பட்டையின் சாரம். அதில் பெர்பெரின் என்ற கசப்புப் பொருள் சில மில்லிகிராம் இருக்கலாம். 'சி' என்றால் நூறில் ஒரு பங்காக நீர்ப்பது ஒருமுறை. அதை முப்பது முறை செய்த 30சி உருண்டையில் அதுவும் கிடையாது. 12சி தாண்டினாலே மூலப் பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை.

அப்படியானால் "குடிச்சதும் வலி நின்னுச்சு" என்று அத்தனை பேர் சொல்வது பொய்யா? பொய் இல்லை. சிறுநீர்ப்பைக் கல் உருளும் கல். நிற்கும்போதும் நடக்கும்போதும் பையின் கழுத்தில் வந்து உட்கார்ந்து வழியை அடைக்கும். நீர் பாதியில் சட்டென்று நிற்கும், குறி நுனி வரை வலி இழுக்கும். மல்லாந்து படுத்தால் கல் பின்னால் உருண்டுவிடும், வலி தணியும், நீரும் இறங்கும். ராத்திரி சொட்டு மருந்து குடித்துவிட்டுப் படுப்பவருக்கு அது மருந்தின் வேலை போலத்தான் தெரியும். வேளைக்கு வேளை கூடுதலாகக் குடிக்கும் தண்ணீரும் நீரை நீர்க்கச் செய்து எரிச்சலைக் குறைக்கிறது.

"கல்லே வெளியே வந்துடுச்சு" என்ற சாட்சிகளுக்கு வேறு காரணம் உண்டு. சிறுநீரகத்தில் உருவான சின்னக் கல் சிறுநீர்க் குழாயில் இறங்கும்போதுதான் உயிர் போகிற வலி. அந்தக் குழாயின் உள் அகலம் 3, 4 மி.மீ.தான். பைக்குள் விழுந்துவிட்டால் வெளியே போகும் பாதை அதைவிட அகலம். 5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். பெயர் மட்டும் கடைசியாகக் குடித்த மருந்துக்குப் போகிறது.

வலி குறைந்ததையும் கல் கரைந்ததையும் ஒன்றாக எண்ணுவது பழைய பிழை. முட்டை ஓடு, நத்தை ஓடு, சோப்பு சேர்த்து ஜோவன்னா ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் செய்த மருந்து கல்லைக் கரைப்பதாக நம்பி, 1739-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே சட்டம் போட்டு 5,000 பவுண்டு பரிசு ஒதுக்கியது.

பைக்குள்ளேயே வளரும் கல்லுக்கு முக்கிய காரணம் தேங்கி நிற்கும் நீர். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்குப் பெரும்பாலும் பையின் கழுத்தருகே உள்ள புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கம். மற்றவர்களுக்கு முதுகுத்தண்டு அடிபட்டதாலோ சர்க்கரை நோயாலோ பை சரியாகச் சுருங்காமல் போவது, நீர் வடியச் செருகிய குழாய் (கதீட்டர்) நாள்பட இருப்பது, கிருமித் தொற்று. நீர் முழுதாக வடியாதவரை எந்தச் சொட்டு மருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அதனால் ஸ்கேன் எடுக்கும்போது கல்லின் அளவோடு நின்றுவிடாதீர்கள். பை நிறைந்த நிலையில் ஒருமுறை பார்த்து, நீர் கழித்துவிட்டு வந்ததும் மறுபடி பார்த்து, மிச்சம் எத்தனை மில்லி என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். 50 மில்லிக்குள் என்றால் பெரிய கவலை இல்லை; 100-ஐத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிப் பார்த்தால் கல் இடம் மாறும். பைச் சுவரில் ஒட்டிய கட்டியாக இருந்தால் நகராது. இன்னொன்று: 18 மி.மீ. கல் அடுத்த ஸ்கேனில் 16 என்று வந்தால் கரைந்துவிட்டதாக அர்த்தமில்லை. எடுப்பவர் கை மாறினாலே ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் வரும்.

ஹோமியோ நூல்களில் மதிக்கத்தக்க ஒன்று இருக்கிறது: நோய்க்குறிகளைக் கவனித்து எழுதிய விதம். நீர் கழித்து முடிக்கும் தறுவாயில் சுருக்கென்ற வலி என்றால் சர்சபரில்லா; முழங்காலிட்டு, தலையைத் தரையில் அழுத்தி முக்கினால்தான் நீர் வரும் என்றால் பரேரா பிராவா. முதலாவது பையில் அழற்சி அல்லது கல் இருப்பதன் அடையாளமாகலாம், இரண்டாவது அடைப்பின் அடையாளம். இவை இருப்பவர் போக வேண்டிய இடம் சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்).

காந்தாரிஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 30 உருண்டையில் ஒன்றும் இல்லை, சரி. ஆனால் காந்தாரிஸ் மதர் டிங்சரைச் சொந்தமாக வாங்கிக் குடிக்கவே கூடாது. ஒருவகை வண்டிலிருந்து எடுக்கும் காந்தாரிடின் என்ற நஞ்சு அதில் இருக்கிறது. பையின் உள்சவ்வைப் புண்ணாக்கி நீரில் ரத்தம் வரவைக்கும். பெர்பெரிஸ் டிங்சரையும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. சிறுநீரக மாற்று செய்துகொண்டு, புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். பெர்பெரின் அந்த மருந்தின் ரத்த அளவை ஏற்றும்.

எரிச்சல் தணிய, டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிரப் இந்தச் சொட்டுகளைவிட நியாயமான செலவு. நீரின் அமிலத்தை அது உண்மையிலேயே குறைக்கிறது. சோடியம் சேர்ந்தது என்பதால் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். தொற்றினால் வந்த கல் ஏற்கெனவே அமிலம் குறைந்த, காரத்தன்மை கொண்ட நீரில்தான் வளரும். அங்கே இந்த சிரப் கெடுதல். ஆகவே முதலில் நீரில் கிருமி உண்டா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர், பிறகு சிரப். புரோஸ்டேட் வீக்கம் இருந்தால் மருத்துவர் எழுதித் தரும் டாம்சுலோசின் 0.4 மி.கி. நீர் இறங்குவதைச் சுலபமாக்கும். காய்ச்சலோடு குளிர் நடுக்கம், ரத்தக் கட்டிகள், ஒரு சொட்டுகூட நீர் இறங்காமை, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

சிறுநீர்ப்பைக் கல்லைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இந்தக் கல் இருக்கிறது. 'ஆபரேஷன் இல்லாமல் கரைக்கிறோம்' என்ற போஸ்டரைப் பார்த்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வாய்வழி மருந்தால் நிஜமாகவே கரையக்கூடியது முக்கியமாக யூரிக் அமிலக் கல்தான். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து நீரின் பி.ஹெச். எனப்படும் அமில-கார அளவை 6.5-க்கு மேல் வைத்தால் அது மெல்லக் கரையும். இடையில் ரத்தப் பொட்டாசியத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் இந்தக் கல் தெரியாது, ஸ்கேனில் தெரியும். மற்ற கற்களை நீர்ப்பாதை வழியாகவே கருவி செலுத்தி லேசரால் பொடித்து எடுக்கிறார்கள். மிகப் பெரியதென்றால் அடிவயிற்றில் சின்னத் துளை அல்லது திறந்த அறுவை. புரோஸ்டேட் அடைப்பை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்தால் திரும்ப வரும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். எடுத்த துண்டுகளை வீட்டில் நினைவுக்கு வைத்துக்கொள்ளாமல் கல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்; அடுத்து என்ன சாப்பிடுவது, எதை நிறுத்துவது என்பது அந்த ரிப்போர்ட்டைப் பொறுத்தது.