கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா? கோலாலம்பூர் கொண்டோ வீட்டுக்கு எது சரி?

செலவை மட்டும் பார்த்தால் கேஸ்தான்: மானிய விலையில் 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென். ஆனால் அந்தச் சூட்டில் பாதிக்கு மேல் பாத்திரத்தின் ஓரமாகவே வெளியேறி, சின்னச் சமையலறையைப் புழுங்க வைக்கும். இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாகிறது. பொங்கி வரும் பாலும் அணைத்தவுடன் சட்டென்று அடங்கும்.

சிக்கல் பாத்திரத்தில்தான். அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். தட்டையான இரும்புத் தோசைக்கல் சரி. அலுமினியச் சட்டி, மண்சட்டி, அடி வளைந்த குவாலி (வாணலி) எதுவும் ஆகாது. கத்தரிக்காய் சுடவும் நெருப்புதான் வேண்டும். அப்புறம், சமையல் மேடையில் பதிக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்குச் சாதாரண 13 ஆம்பியர் பிளக் பெரும்பாலும் போதாது. தனி வயர் இழுக்க வேண்டியிருக்கும்.

வயதான அம்மா தனியாகச் சமைக்கிற வீடென்றால் யோசிக்காமல் இண்டக்‌ஷன் என்பேன். கேஸை மூட மறந்துவிடுவாரோ என்ற பயமே இருக்காது.