படுத்து இறங்கும் பெயாரிங் வண்டி: ஹட்டன் பட்டறைத் தயாரிப்பு எப்படி?

தோட்ட லயத்துப் பிள்ளைகள் பெயாரிங்கையே சக்கரமாகப் பூட்டி, உட்கார்ந்து ஓட்டும் பெயாரிங் வண்டியைக் கொஞ்சம் நீளமாக்கி, மல்லாந்து படுத்துக் காலை முன்னே நீட்டி இறங்குகிற மாதிரி செய்து தருகிறது ஹட்டனில் ஒரு தச்சுப் பட்டறை. கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்திய லூஜ் வீரர் சிவா கேசவன் வீடியோ பார்த்தவர்கள். லூஜ் என்றால் பனித்தடத்தில் மல்லாந்து படுத்து இறங்கும் சறுக்குவண்டி. இமயமலை வீதியில், வாகனங்களுக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே, சக்கரம் பூட்டிய லூஜில் அவர் இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் கால் குறுகுறுக்கும். 1998 நாகனோவுக்கு 16 வயதில் போனவர், 2018 வரை 6 குளிர்கால ஒலிம்பிக் கண்டார். அவர் பிடித்த நல்ல இடம் 2006 டுரினில் 25ஆவது. பதக்கம் இல்லாவிட்டால் என்ன, 2014 சோச்சி பயிற்சியில் வழுக்கி விழுந்தவர் ஓட்டத்திலேயே திரும்ப ஏறிப் படுத்தாரே, அந்தச் சில விநாடிகளுக்கே ஊர் உலகமெல்லாம் ரசிகர்கள்.

வண்டிக்கு வருவோம். 4 அடி நீளம், 14 அங்குல அகலப் பலகை. முன்னால் திரும்பும் குறுக்குக் கட்டையில் ஒரு பெயாரிங், பின்னால் இரண்டு. மூன்றும் 6204, அதாவது உள்விட்டம் 20 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 47. பலகை வேலை சுத்தம். விளிம்பெல்லாம் உருட்டி இழைத்திருக்கிறார்கள், முதுகில் சிலாம்பு ஏறாது. திருப்புவதும் லூஜ் போலத்தான்: வலது காலை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் போகும்.

கோளாறு அச்சில். மரத்தையே செதுக்கிப் பெயாரிங்கை அடித்து ஏற்றுகிறார்கள். நம்ம பக்க மழைக்கு மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். சுருங்கியதும் பெயாரிங் ஆடும், ஒரு வளைவில் கழன்றே ஓடும். 20 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி போட்டு, இரு முனையிலும் துளைத்து, பெயாரிங் கழலாமல் பூட்டுப் பின் (pin) குத்தச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள். குறுக்குக் கட்டையைப் பிடிக்கும் நடு போல்ட்டுக்கும் ஒற்றை நட்தான். அதிர்வில் அது தானாகக் கழலும், இரட்டை நட் அவசியம்.

பெயாரிங் வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் இருக்கிறதா பாருங்கள். அது இரு பக்கமும் ரப்பர் மூடி. மூடி இல்லாததில் சேறு புகுந்து கிறீஸ் கழுவிப்போகும், பிறகு கறகற சத்தம்தான். ஆனால் எந்த மூடி போட்டாலும் வெளிவளையம் உருக்கு. நனைந்த கார்ப்பட் வீதியில் அதற்குப் பிடிப்பே கிடையாது, பின்பக்கம் முதலில் விலகும். ஸ்கேட்போர்ட்டின் 70 மில்லிமீற்றர் யூரித்தேன் சக்கரம் பூட்டினால் சத்தமும் குறையும், பிடிப்பும் கிடைக்கும். அதற்குள் போவது 608 பெயாரிங், அச்சு 8 மில்லிமீற்றர்.

பிரேக்தான் பெரிய குறை. வலப்பக்கம் மட்டும் ஒரு டயர்த்துண்டை ஆணியடித்திருக்கிறார்கள். அழுத்தினால் வண்டி நிற்காது, சுழலும். பின் அச்சின் முழு அகலத்துக்கும் ஒரே துண்டாகக் கீல் வைத்துப் பொருத்த வேண்டும். உண்மையான லூஜில் பிரேக்கே இல்லை என்று யாராவது வாதாடலாம். அங்கே கடைசியில் தடம் மேல்நோக்கி ஏறி வேகத்தைத் தின்கிறது, இங்கே கடைசியில் வருவது கொழுந்து லொறி.

ஆகவே ஹட்டன் வழியே போகும் ஏ7 பிரதான வீதிப் பக்கமே போகக்கூடாது. வாகனம் வராத கொங்கிரீட் இறக்கம், அடியில் தோட்டத்துப் பெரட்டுக்களம் மாதிரி ஒரு சமதரை, தலைக்கு ஹெல்மட். பெயாரிங்கை நீங்களே கொண்டுபோனால் மரத்துக்கும் கூலிக்கும் மட்டும்தான் காசு. பூட்டுப் பின் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள், முதலில் தொலைவது அதுதான்.