வேனுக்கு ஃபைன்: போலீஸ்காரர் மடக்கினால் தேவலையா, கேமரா பிடித்தால் தேவலையா?

அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க மூன்று வேன்கள் வைத்திருக்கிறேன். பெங்களூரில் வண்டிக்கு ஃபைன் இரண்டு வழியில் வரும். சிக்னல் ஓரம் நிற்கும் போலீஸ்காரர் மடக்கி, கையிலிருக்கும் கருவியில் வண்டி எண்ணைத் தட்டி ரசீது கொடுப்பது ஒன்று. யாரும் கை காட்டாமலே கம்பத்துக் கேமரா படம் பிடித்து, உரிமையாளர் போனுக்குச் சலான் வருவது இன்னொன்று. பல வருடம் முதலாவதுதான் நியாயம் என்று வாதாடியவன் நான். போன வருடம் கட்சி மாறிவிட்டேன். "இடத்திலேயே காசு கட்டாதே, எது வந்தாலும் என் போனுக்கு வரட்டும்" என்று ஓட்டுநர்களிடம் சொல்லிவிட்டேன்.

கேமராவிடம் கெஞ்ச முடியாது, பேரம் பேச முடியாது, நடுரோட்டில் வண்டியை ஓரங்கட்டி நெரிசல் உண்டாக்கவும் தேவையில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மடக்கிப் பிடிப்பதிலும் பலம் உண்டு. குடித்துவிட்டு ஓட்டுபவனை ஊதச் சொல்லிப் பிடிக்க ஆள் வேண்டும். லைசென்ஸ் யாருடையது என்று கேமராவுக்குத் தெரியாது. நம்பர் பிளேட்டை மடக்கி வைத்தவனிடம் அதன் பாச்சா பலிக்காது. தப்பு செய்த நிமிடத்திலேயே ஆளுக்கு உறைக்கும் என்பதும் உண்மை. கேமரா சலானோ, 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதிப்படி, 15 நாளுக்குள் அனுப்பினால் போதும் என்றிருந்தது. அவ்வளவு நாள் கழித்து வந்தால் ஓட்டியவனுக்கே அது மறந்து போயிருக்கும்.

இருந்தும் ஏன் மாறினேன்? பதிவுக்காகத்தான். முன்பெல்லாம் ஓட்டுநர் மடக்கப்பட்டால் பையிலிருந்து கட்டிவிட்டு வாயைத் திறக்க மாட்டார். எனக்குச் சொன்னால் திட்டு விழும் என்ற பயம். கேமரா சலானில் இடம், தேதி, மணி, படம் எல்லாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சலான் பார்க்கும் இணையதளத்தில் மூன்று வண்டி எண்ணையும் போட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நாலு மாதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டிய சலான்களில் பெரும்பாலானவை ஒரே வேனுக்கு, ஒரே சிக்னலில், காலை ஆறரையிலிருந்து ஏழுக்குள். ஓட்டுவது ஆம்பூர்க்காரத் தம்பி, நிதானமான ஆள். கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். "அண்ணா, மர்ஃபி டவுனில் கடைசி ஆளை ஏற்றும்போதே லேட்டாகிடுது. அந்த சிக்னல்ல நின்னா டின் ஃபேக்டரி ஜங்ஷன் நெரிசல்ல மாட்டிக்குவேன்" என்றார். தப்பு அவர் காலில் இல்லை, நான் போட்ட நேர அட்டவணையில் இருந்தது. முதல் ஆளை ஏற்றும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளினேன். அதற்கப்புறம் அந்த சிக்னலில் சலான் வரவில்லை. மடக்கிப் போடும் ரசீது நூறு வந்திருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. அது போலீஸ்காரர் எங்கே, எப்போது நின்றார் என்பதைத்தான் சொல்லும். காலை ஆறரைக்கு அங்கே யார் நிற்கப் போகிறார்கள்?

மூன்று வேனுக்கே இப்படி என்றால் ஊருக்கு எவ்வளவு தெரியவரும்! 2022 டிசம்பரில் பெங்களூரில் புது ஏற்பாடு தொடங்கியபோது 50 சந்திப்புகளில் வண்டி எண்ணைப் படிக்கும் 250 கேமராக்களும் 80 சிவப்பு விளக்குக் கேமராக்களும் வைத்தார்கள். இன்னொரு பக்கம், விபத்து நடந்த இடத்திலிருந்தே விவரத்தையும் படத்தையும் செயலியில் ஏற்றும் ஐராட் என்ற தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. நம்ம சென்னை ஐஐடி உருவாக்கியது. எந்த முனையில் எந்த மணிக்கு விளக்கை மீறுகிறார்கள் என்ற கணக்கையும், எங்கே ஆள் சாகிறார்கள் என்ற கணக்கையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எந்த முனையில் விளக்கு நேரத்தை மாற்றுவது, எங்கே ஆளை நிறுத்துவது என்று முடிவெடுக்கலாம். 2022இல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். அதில் பத்தில் ஏழு பங்குக்கு 'அதிவேகம்' என்று காரணம் எழுதியிருக்கிறது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த ரோட்டைச் சரி செய்வது?

கேமராவின் பலவீனமும் இதே பதிவில்தான் இருக்கிறது. ஆர்சியில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றிதழில், பழைய போன் நம்பர் இருந்தால் சலான் யாருக்கோ போகும். என் மூன்றாவது வேன் கைமாறி வந்தது. பெயர் மாற்றப் போனபோதுதான் முந்தைய ஓனர் பேரில் ஒரு கட்டுச் சலான் கிடப்பது தெரிந்தது. 2023 பிப்ரவரியில் பாதி கட்டினால் போதும் என்று சலுகை அறிவித்ததும் சில நாளில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வந்து குவிந்ததே, அவ்வளவும் கட்டாமல் கிடந்த பழைய பாக்கி. கட்டாத ஃபைன் யாரையும் திருத்தியிருக்காது. அதனால் பழைய வண்டி வாங்குபவர்கள் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் எண்ணைப் போட்டுச் சலானைப் பாருங்கள். வாங்கிய கையோடு போன் நம்பரையும் மாற்றுங்கள்.

இதெல்லாம் வேன் வைத்திருப்பவன் அனுபவம். பைக் ஓட்டுபவர்களுக்கு, முக்கியமாக ஹெல்மெட் விஷயத்தில், மடக்கிப் பிடிப்பதே பலன் தருமோ என்னவோ, என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நெடுஞ்சாலை வேகக் கேமராவிலும் நான் இதுவரை மாட்டியதில்லை.

போன மாதம் ஒரு சலான் வந்தது, ஸ்டாப் லைனைத் தாண்டியதாக. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோடே இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன், புதுத் தார் போட்டவர்கள் கோடு போடவில்லை. இரண்டு படத்தையும் சேர்த்து ஆட்சேபம் அனுப்பியிருக்கிறேன்.